இன்பராஜின் சீமை பிளக்

ஊருக்குள் ஓடும்வரை ஏகநாதனின் அம்பாசிடரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊரிகம் ஸ்டேஷனில் ஆள் ஏற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை போகும், பங்காருப்பேட்டை போகும், ஒரே இழுப்பில் கிளம்பும். ஆனால் குடியாத்தம் போய்விட்டுத் திரும்பும்போது, பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதையில் மூன்றாவது வளைவு வந்ததும் அதற்கு ஏதோ பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு இருமல். பிறகு பின்சீட்டில் இருப்பவரின் வெற்றிலைப் பெட்டி மடியிலிருந்து தெறித்து விழும்படி ஒரு குலுக்கல். பிறகு கறுப்பாகக் கொஞ்சம் புகை. பிறகு நின்றே போகும்.

ஏகநாதன் பார்க்காத இடம் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோல் பம்பை மாற்றினான். எஞ்சினில் பொறி வைக்கிற பிளக்குகள் கறுத்துப் போயிருந்ததால் பஜாரில் நாலு புது பிளக் வாங்கிப் போட்டான். அடுத்த நடை வண்டி மலையைச் சிரிப்பாக ஏறியது. அதற்கடுத்த நடை, அதே மூன்றாவது வளைவில், அதே இருமல். புது பிளக் போட்டால் ஒரே ஒரு நடை ஏறுவதும் அப்புறம் மறுப்பதும் என்ன கணக்கு என்று அவனுக்கு விளங்கவில்லை.

விளங்காததுகூடப் பெரிதில்லை. அதே மலையை, அதே மாதிரி வண்டியில், இன்பராஜ் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தான். அதுதான் ஏகநாதனுக்குச் சோற்றை இறங்கவிடவில்லை.

இன்பராஜ் ஊரிகம் டாக்சி ஸ்டாண்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஏகநாதனைவிட எட்டு வயது சின்னவன். போன வருஷம்வரை அவன் வண்டியும் மலையில் முக்கிக்கொண்டுதான் இருந்தது. ஊர்த் தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த பிறகு இங்கிலீஷ் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக் கொண்டிருந்த காலம் அது. அப்படிப் போன ஒரு துரையைச் சாமான்களோடு மெட்ராஸ் துறைமுகம்வரை கொண்டுபோய் விட்டான் இன்பராஜ். இறங்கும்போது துரை ஒரு சின்ன அட்டைப் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நாலு பிளக். வெள்ளைப் பீங்கானில் இரண்டு பச்சைக் கோடு. அதைப் போட்ட அன்றிலிருந்து அவன் வண்டிக்கு மலை ஒரு பொருட்டே இல்லை.

"சீமை பிளக்கு அண்ணே," என்பான். "பொறி நீலமா வரும். நம்மூரு பிளக்குல மஞ்சளாதான் வரும். அதான் வித்தியாசம்."

"நீ உள்ள பூந்து பாத்தியா?"

"துரை சொன்னாரு."

இன்பராஜ் அதை எதற்காகவும் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னான். ஏகநாதனுக்கு ஒவ்வொரு சொல்லும் முள்ளாகத் தைத்தது. ஸ்டாண்டில் இன்பராஜ் வண்டியைக் கிளப்பினால், பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்பான். தன் எஞ்சின் சத்தம் இவ்வளவு சீராக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பான். சில நாள் இருக்கிறது என்று தோன்றும். அன்று இன்னும் எரிச்சலாக இருக்கும். சத்தம் ஒன்றாக இருந்தும் தன் வண்டி மட்டும் ஏன் நிற்கிறது?

ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த கோதண்டராமன் வியாழக்கிழமைதோறும் குடியாத்தம் போய்த் தறிக்காரர்களிடம் கைலி எடுத்து வருவார். நாலு வருஷம் ஏகநாதன் வண்டியில்தான் போய்வந்தார். மூன்று தடவை மலையில் வெயிலில் நின்ற பிறகு இன்பராஜ் வண்டிக்கு மாறிவிட்டார். மாறினதை நேரில் சொல்லக்கூட இல்லை. வியாழக்கிழமை காலை ஏகநாதன் கடைவாசலில் போய் நின்றபோது, அங்கே இன்பராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கோரமண்டல் சுரங்க லைனில் இருந்த வீட்டில் அன்று மத்தியானம் அவன் மனைவி அம்சவேணி தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா ஊருக்கு, பேரணாம்பட்டுக்குப் போவணும். இன்பராஜ் வண்டிய சொல்லட்டுமா?"

"ஏன், வூட்டு வண்டி ஆவாதா?"

"ஆவும். திரும்பி வரச்சொல்ல மலை அடிவாரம் வரைக்கும் ஆவும். அதுக்கு மேல நான்தான தள்ளணும்?"

அவன் பாதிச் சோற்றில் எழுந்தான்.

"இன்னாங்க, வெளாட்டுக்குச் சொன்னேன், குந்துங்க," என்றாள். அவன் உட்காரவில்லை.

அது ஆடி மாசம். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக நிற்கிற சயனைடு மேட்டிலிருந்து காற்று மாவு மாதிரித் தூளை வாரிக்கொண்டு வந்து லைன் வீடுகள்மேல் கொட்டும். தண்ணீர்க் குடத்தில் விழும், குழம்பில் விழும், தூங்கி எழுந்தால் இமையில் இருக்கும். அதனால் ஆடி பிறந்ததும் எல்லா வீட்டு ஜன்னலிலும் ஈரத்துணி தொங்கும். குடத்துக்கு வேடு கட்டுவார்கள். அம்சவேணி நாளைக்கு இரண்டு தரம் துணியை நனைத்துக் கட்டுவாள்.

ஏகநாதனும், ஆடிக்குக் காத்திராமல் சித்திரையிலேயே, தன் வண்டிக்கு அதைச் செய்திருந்தான். எஞ்சினுக்குள் காற்று போகிற வாயில் ஒரு வடிகட்டி இருக்கும். அடியில் கிண்ணம், கிண்ணத்தில் எண்ணெய். தூசு அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், சுத்தக் காற்று மட்டும் உள்ளே போகும். அது போதும் என்றுதான் வண்டி செய்தவன் வைத்திருக்கிறான். ஏகநாதனுக்குப் போதவில்லை. வடிகட்டியின் வாயைச் சுற்றி நல்ல காடாத் துணியை நாலாக மடித்து, எண்ணெய் தடவி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தான். "நம்ம எஞ்சின் குடிக்கிற காத்து நம்மகூடக் குடிக்கிறதில்ல," என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னான். ஊரிகத்தில் மேட்டுக்குத் தூரமாகக் குடியிருந்த இன்பராஜுக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை என்பதில் ஏகநாதனுக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அவனிடம் இருந்த ஒரே திருப்தி அதுதான்.

அந்த வாரம் கோதண்டராமன் ஆள் அனுப்பினார். ஏகநாதன் ஓடினான்.

"ஆடித் தள்ளுபடிக்கு சரக்கு ஜாஸ்தி எடுக்கப்போறேன். ஒரு வண்டி பத்தாது. நீயும் வா," என்றார்.

"வரேங்க மொதலாளி. நீங்க என் வண்டில..."

"நான் இன்பராஜ் வண்டில வரேன். நீ மூட்டைய ஏத்திக்கோ." பிறகு அவன் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இறங்கி, "ஏகநாதா, உன்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. இந்தத் தடவ ஏறிட்டா அடுத்த வியாழன்லேர்ந்து ஆளுக்கு ஒரு வாரம். நின்னுட்டா, அதோட விட்ரு. நான் திருப்பிக் கேக்க மாட்டேன், நீயும் வாசல்ல வந்து நிக்காத," என்றார்.

முதலாளிக்கு அவன் வண்டி, மூட்டைக்கு என் வண்டி. வீடுவரை ஏகநாதன் இதையே சொல்லிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்பராஜ் வழக்கம்போல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் பக்கத்து மாதா கோயிலுக்குக் கிளம்பினான். "அண்ணே, வண்டிய கொஞ்சம் பாத்துக்கோங்க," என்றான். ஒவ்வொரு ஞாயிறும் சொல்வதுதான். ஸ்டாண்டில் வேறு வண்டி இல்லை.

ஏகநாதன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அந்தப் பானெட்டுக்குள் இருக்கிற பச்சைக் கோடு தவிர வேறொன்றும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. நாலே நாலு பிளக். வயரைப் பிடுங்கி, ஸ்பானரால் திருகினால் வந்துவிடும். மேலே ரப்பர் தொப்பி மூடிக்கொள்வதால் எது சீமை, எது பஜார் என்று வெளியே தெரியாது.

எழுந்தான். இன்பராஜின் பிளக்குகளைக் கழற்றினான். நுனி நான்கும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. நன்றாக எரிகிற எஞ்சினின் நிறம் அது. தன் பிளக்குகளையும் கழற்றினான். கரியாக இருந்தன. அப்படியே மாட்டிவிட மனம் சொன்னது, கை வரவில்லை. அழுக்குப் பிளக்கை யாருடைய எஞ்சினிலும் அவன் இதுவரை மாட்டியதில்லை. பெட்ரோலில் கழுவி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்துத்தான் இன்பராஜின் எஞ்சினில் முறுக்கினான். பாட்டுச் சத்தம் ஓய்ந்து ஜனம் வெளியே வருவதற்குள் அவன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"ரொம்ப தாங்ஸ் அண்ணே," என்றான் இன்பராஜ்.

அடுத்த மூன்று நாளும் தன் வண்டி பறப்பதாக ஏகநாதனுக்குப் பட்டது. ஊருக்குள் அது எப்போதும் நன்றாகத்தான் ஓடும் என்பதை அவன் மறந்துவிட்டான். பொறி நீலமாக வருவதைக்கூட மனத்தில் பார்த்தான்.

வியாழக்கிழமை குடியாத்தத்தில் மூட்டை ஏற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஏகநாதனின் பின்சீட்டிலும் டிக்கியிலும் கைலி மூட்டைகள். இன்பராஜின் டிக்கியிலும் அதே அளவு மூட்டைகள், பின்சீட்டில் கோதண்டராமன். ஏகநாதன் முதலில் கிளம்பினான். கண்ணாடியில் இன்பராஜ் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே பேரணாம்பட்டைத் தாண்டி மலை ஏறினான். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. "வாடி ராஜாத்தி," என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். இன்பராஜ் பின்தங்குவான், வழியில் நிற்பான், முதலாளி இறங்கி வந்து இந்த வண்டியில் ஏறுவார் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வளைவில் இருமியது.

கியரை இறக்கினான். ஆக்ஸிலேட்டரை மிதித்தான். மிதிக்க மிதிக்கக் கறுப்புப் புகை வந்ததே தவிர இழுப்பு வரவில்லை. குலுங்கியது. நின்றது.

பக்கத்தில் ஹாரன் அடித்தபடி இன்பராஜின் வண்டி கடந்து போனது. ஏகநாதனின் பழைய பஜார் பிளக்கைப் போட்டுக்கொண்டு, இருமாமல், திணறாமல், கோதண்டராமனையும் சுமந்துகொண்டு வளைவைத் திரும்பி ஏறியது. ஏகநாதன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமையில் என்னென்னவோ பார்த்திருக்கிறான். தன் பொருளே தன்னை முந்திப் போவதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

மேலே வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. இவன் பானெட்டைத் திறந்து, துணியால் பிடித்து, சூட்டோடு நாலு பிளக்கையும் கழற்றி மட்கார்டுமேல் வைத்தான். எல்லாம் கரி. இன்பராஜ் சரிவில் நடந்து இறங்கி வந்தான்.

"இன்னாண்ணே ஆச்சு?" குனிந்து ஒன்றை எடுத்தான். பெருவிரலால் பீங்கானைத் துடைத்தான். பச்சைக் கோடு தெரிந்தது. இன்னொரு தரம் துடைத்தான். இரண்டு கோடு.

"இது என் பிளக்கு."

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஏகநாதன் வாயெடுத்தான். பிறகு கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். "ஆமா. ஞாயித்துக்கெழம. நீ கோயிலுக்குப் போனப்ப."

"வண்டிய பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனேன்."

"சொன்ன."

"நல்லா பாத்துக்கினீங்க." இன்பராஜ் பிளக்கை ணங்கென்று மட்கார்டுமேல் வைத்தான். பிறகு ஏதோ உறைத்து, மேலே தன் வண்டி நின்ற பக்கம் திரும்பினான். "அப்போ என் வண்டில இன்னா கீது?"

"என்னுது. பழசு. கழுவித்தான் போட்டேன்."

துண்டால் விசிறிக்கொண்டே கோதண்டராமனும் வந்து சேர்ந்தார். "இன்னாப்பா, நடுரோட்டுல பஞ்சாயத்து?" இன்பராஜ் சொன்னான். அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இருங்க, இருங்க. அப்போ நான் ஏறி வந்தது இவன் பிளக்குல. இவன் நின்னது உன் சீமை பிளக்குல. அப்படித்தானே?"

ஏகநாதனின் தலைக்குள் ஏதோ நகர்ந்து இடத்தில் உட்கார்ந்தது. பிளக் இடம் மாறியது. நோய் இடம் மாறவில்லை. அப்படியானால் நோய் பிளக்கில் இல்லை.

பிளக்கின் வேலை சின்ன வேலை. எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வந்து நிற்கும். அதற்குத் தீ வைப்பது. நுனியில் இரண்டு உலோக முனைகள், நடுவே இரண்டு தபால் கார்டைச் சேர்த்துப் பிடித்த அளவு இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி. சுற்றிலும் பீங்கான் சுத்தமாக இருக்கும்வரை குதிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. பீங்கானில் கரி படிந்தால் கரி வழியாகவே நைசாக இறங்கி ஓடிவிடும். பொறி இல்லை. இது ஏகநாதனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் நிறத்தில் இருந்தவை நாலே நாளில் தன் எஞ்சினில் கறுத்துவிட்டன என்பதுதான் இப்போது புதிது. கரி எப்போது வரும்? பெட்ரோல் அதிகமானால். அல்லது காற்று குறைந்தால். அம்சவேணியின் ஸ்டவ்வில் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பாத்திரம் கறுப்பதுபோல. கார்புரேட்டரை மூன்று தரம் கழுவியாகிவிட்டது. பெட்ரோல் அளவாகத்தான் வருகிறது.

அவன் கை மெதுவாக வடிகட்டிப் பக்கம் போனது. அதற்குள் கோதண்டராமன் எட்டி அந்தத் துணியை விரலால் நிமிண்டினார்.

"இது நம்ம கடைக் காடா இல்ல? இத யாரு இங்க கட்டினது?"

"நான்தான். மேட்டுத் தூசு போவாம இருக்க."

"இதுலயா? நாலு மடிப்பா? எண்ணெ வேற தடவிகீற!" துணிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நெருக்கமா நெய்த துணிப்பா இது. இதுல மோர வடிகட்டினா மோரே எறங்காது. இதுல எங்க காத்து பூரும்?"

ஏகநாதன் சணலை அறுத்தான். துணி தொப்பென்று கையில் விழுந்தது. தூசும் எண்ணெயும் குழைந்து, சுவருக்குப் பூசுகிற களிமண் மாதிரி இருந்தது.

அப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. ஊருக்குள் ஓடும்போது ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமல் போகிறோம். எஞ்சின் சின்னச் சின்ன மூச்சாக இழுக்கும், துணி வழியாக வருகிற காற்று அதற்குப் போதும். மலையில் முழுசாக மிதிக்கிறோம்; எஞ்சினுக்கு வாய் நிறையக் காற்று வேண்டும், துணி விடாது. காற்று வராத இடத்தில் பெட்ரோல்தான் வரும். அது அரைகுறையாக எரிந்து கரியாகி பிளக்கில் ஒட்டும். புது பிளக் ஒரு நடை ஏறியது, அது சுத்தமாக இருந்ததால். மறுநடை நின்றது, அது கறுத்ததால். இந்த ஆடித் தூசில் துணி முழுசாக அடைத்துக்கொண்டதால் சீமை பிளக் முதல் நடையிலேயே கறுத்தது. போன வருஷம் இன்பராஜ் வண்டி ஏறத் தொடங்கியது அவன் தேய்ந்த பிளக்கை எடுத்துப் புதுசு போட்டதால். துரையின் பெட்டியில் இருந்தது எந்த ஊர்ப் பிளக்காக இருந்தாலும் அது ஏறியிருக்கும்.

"அப்போ நீலப் பொறி?" என்றான் இன்பராஜ். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் ஏகநாதனுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை மறைக்க முடியாது. நாலு மாசமாக அவனை எரித்த பெருமை, கரி பிடித்து மட்கார்டில் கிடந்தது. உடனே அந்தக் குளிர்ச்சிக்கு வெட்கப்பட்டான்.

"இன்பா, தப்பு பண்ணிட்டேன்," என்றான்.

"பண்ணீங்க. முதல்ல என் பிளக்க என் வண்டில போடுங்க. கழுவி."

மேலே போய் இன்பராஜ் வண்டியிலிருந்த நாலையும் கழற்றி எடுத்துவந்து, அங்கேயே, சாலையோரத்தில், ஏகநாதன் எட்டு பிளக்கையும் கழுவினான். இன்பராஜ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். மறுபடி மேலே போய் அவனுடையதை அவனுக்கு மாட்டி, இறங்கி வந்து தன் பழைய பஜார் பிளக்கைத் தன் எஞ்சினில் முறுக்கினான்.

"இனிமே ஞாயித்துக்கெழம வண்டிய கோயில் வாசல்லயே நிறுத்திக்கிறேன்," என்றான் இன்பராஜ். ஏகநாதன் தலையாட்டினான்.

கோதண்டராமன் இன்பராஜ் வண்டிக்குத் திரும்பவில்லை. ஏகநாதனின் முன்சீட்டுக் கதவைத் திறந்தார். "நின்னா அதோட விட்ருன்னு சொல்லியிருந்தேன், நின்னுட்ட. ஆனா நின்னது துணியால. துணி நம்ம கடைத் துணி. அதனால இன்னொரு தரம். ஏத்து, பாக்கலாம்."

வண்டி கிளம்பியது. நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு. முன்னால் இன்பராஜின் வண்டி. அதே வேகத்தில் இதுவும். அவனை முந்த வேண்டும் என்று ஏகநாதனின் வலது கால் அரித்தது. முந்தவில்லை. உச்சியில் காற்று சுத்தமாக அடித்தது. எஞ்சின் ஒரு தரம்கூட இருமவில்லை. "ஆளுக்கு ஒரு வாரம்," என்றார் கோதண்டராமன், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அம்சவேணியைப் பேரணாம்பட்டுக்கு அவனே கூட்டிப்போய் அவனே ஏற்றிக்கொண்டு வந்தான். அந்த ஆடி முழுக்க வண்டி நிற்கவில்லை. செய்தது இவ்வளவுதான்: வடிகட்டியின் வாயில் துணி கட்டுவதை விட்டான், காற்றடிக்கிற மாசத்தில் வாரம் ஒரு தரம் கிண்ணத்து எண்ணெயைக் கொட்டிக் கழுவிப் புதுசு ஊற்றினான், பஜார் பிளக்கையே துடைத்து, இடைவெளியை இரண்டு தபால் கார்டு அளவுக்கு வைத்து மாட்டினான்.